அரை நிமிடத்தில் நின்றுவிடும் அறிக்கை

கேள்வி: மாதக் கடைசியில் விற்பனை அறிக்கையைத் திறந்தால், அரை நிமிடம் சுற்றிவிட்டு 'டைம்அவுட்' என்று நின்றுவிடுகிறது. தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர். மென்பொருள் டாட்நெட்டில் எழுதப்பட்டது. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (தரவுத்தளத்துடன் இணைவதற்கான விவரங்கள் கொண்ட வரி) கனெக்ட் டைம்அவுட்டை 120 வினாடி என்று உயர்த்தியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி ஒருவர்

பதில்: அந்த அரை நிமிடம்தான் முக்கியமான தடயம். நீங்கள் உயர்த்தியது சர்வருடன் இணைப்பு ஏற்படும்வரை காத்திருக்கும் நேரம். அது இயல்பாக 15 வினாடி. இணைந்த பிறகு வினவலுக்கு (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளை) விடை வரும்வரை காத்திருப்பது கமாண்ட் டைம்அவுட் என்னும் வேறொரு அமைப்பு. டாட்நெட்டில் அதன் இயல்பளவு 30 வினாடி. ஆகவே உங்களுக்கு இணைப்பு சரியாகவே கிடைக்கிறது, வினவல்தான் தாமதமாகிறது என்றே கருதுகிறேன்.

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் அதே அட்டவணைகளில் பதிவுகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதால், அவர்களுடைய பூட்டு (மாற்றம் முடியும்வரை தரவுத்தளம் அந்தப் பதிவுகளைப் பிறருக்குத் தடுத்து வைப்பது) விடுபடும்வரை உங்கள் அறிக்கை காத்திருக்க நேரிடலாம். அறிக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே, உரிய அனுமதி உள்ளவரைக் கொண்டு 'எஸ்பி_ஹூ2' (sp_who2) என்னும், சர்வரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை இயக்கச் சொல்லுங்கள். தடுப்பவர் யார் என்று காட்டும் பத்தியில் உங்கள் வரிசைக்கு நேராக ஓர் எண் இருந்தால், அந்த எண்ணுக்குரிய அமர்வுதான் (சர்வருடனான இணைப்பு) வழியை மறிக்கிறது. எண் இல்லையென்றால் வினவலைப் பாருங்கள்: தேதிப் பத்தியை 'இயர்', 'மன்த்' போன்ற செயற்கூறுகளுக்குள் வைத்து ஒப்பிட்டிருந்தால், இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற அமைப்பு) இருந்தும் அது முறையாகப் பயன்படாது, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று நேரடியாக எழுதுவதே நல்லது.

இணைப்பே கிடைக்காமல் பிழை வந்தால் மட்டும் ஃபயர்வாலையும் எஸ்க்யூஎல் சர்வர் இயல்பாகப் பயன்படுத்தும் 1433 போர்ட்டையும் சோதித்தால் போதும். காரணம் தெரியுமுன் கமாண்ட் டைம்அவுட்டை உயர்த்த வேண்டாம். பயனர்கள் இன்னும் அதிக நேரம் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.