செல்ஃப் எடுக்காத பைக்கும் பழகாத இடது கையும்

கேள்வி: பல வருடங்களாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். மூன்று மாதம் முன்பு 160 சிசி பைக் வாங்கினேன். கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். வீடு கணபதி, ஆபீஸ் சரவணம்பட்டி. சத்தி ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தால் பதற்றத்தில் இன்னும் இரண்டு தடவை ஆஃப் ஆகிறது. போதாக்குறைக்கு இப்போது காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். மூன்று மாதத்தில் பேட்டரி போகுமா? பைக் ஓட்டப் பழகுவதற்கு என்னதான் வழி?
– கோவை வாசகி

பதில்: இரண்டு பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உங்கள் பேட்டரியைக் காலியாக்குவது உங்கள் இடது கை. கிளட்சை சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் தீபாவளிக்கு இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வகை வண்டிகள் சிலவற்றில் இருப்பது வெறும் 4 அல்லது 5 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. செல்ஃப் பட்டனை அழுத்தும்போது மோட்டார் பல பத்து ஆம்பியரை ஒரே இழுப்பில் இழுக்கும். 40 ஆம்பியர், இரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். போகவர ஒரு நாளைக்கு இருபது தடவை வண்டி ஆஃப் ஆனால், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். அதைத் திரும்ப நிரப்ப இன்ஜின் ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். கணபதியிலிருந்து சரவணம்பட்டிக்கு எவ்வளவு தூரம்? அதிலும் பாதி நேரம் நெரிசலில் நின்றுகொண்டு. ஐடிலிங்கில் சார்ஜ் ஏறுவது சொற்பம், முகப்பு விளக்கோ எப்போதும் எரிகிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதை அணைக்க சுவிட்சே கிடையாது. ஆக, வரவைவிடச் செலவு தினமும் கொஞ்சம் கூடுதல். பாதி சார்ஜில் வாரக்கணக்காகக் கிடக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பேட்டரி முழுதாகத் தாங்காது. மூன்று மாதத்தில் போகுமா என்றால், இப்படி ஓட்டினால் போகும். ஆனால் உங்களுடையது போய்விட்டதா, வெறும் பட்டினியா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கை.

கிளட்ச்

கோவையில் புதிதாகப் போட்ட சைட் லேஅவுட்டுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்படி ஒரு காலி ரோட்டுக்குப் போங்கள். சமதளமாக இருக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் சூடானதும் முதல் கியர் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. கிளட்சை மிக மிக மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், ஹேண்டிலில் ஒரு சிறு அதிர்வு வரும், முன்பக்கம் நகரப் பார்க்கும். அந்த இடம்தான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கேயே லீவரை நிறுத்திவையுங்கள். வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். இரண்டடி ஊர்ந்ததும் கிளட்சைப் பிடித்து பிரேக் போட்டு நிற்க வேண்டும். மறுபடி இதையே செய்யுங்கள். அரை மணி நேரம் இது ஒன்றே போதும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும், விடுங்கள்.

புதியவர்கள் வண்டியை ஆஃப் செய்வது அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் இல்லை, வந்த அடுத்த கணத்தில். வண்டி நகர்கிறது என்று தெரிந்ததும் விரல்கள் நான்கும் ஒன்றாக விட்டுவிடும். அங்கே ஒரு நொடி பிடித்துவைக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. இது கைக்கு வந்த பிறகு கூடவே லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பழகுங்கள்.

லீவர் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். உங்கள் விரல்கள் எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டால் பழக்கம் வரவே வராது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்வதும் லீவரின் கோணத்தைத் திருப்பிவைப்பதும் ஷெட்டில் ஐந்து நிமிட வேலை. தயங்காமல் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சிக்னலில் ஆஃப் ஆவதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலருக்கு அது தோன்றுவதே இல்லை. மூன்றாவது கியரில் வந்து, கிளட்சைப் பிடித்து அப்படியே நின்றுவிடுகிறோம். பச்சை விழுந்ததும் மூன்றாவது கியரிலேயே கிளம்பப் பார்க்கிறோம். கிளட்ச் எவ்வளவு பக்குவமாக விட்டாலும் வண்டி திணறி நிற்கும். ஸ்கூட்டியில் கியர் என்ற நினைப்பே தேவைப்படவில்லை, அதனால் வரும் கோளாறு. வேகம் குறையும்போதே ஒவ்வொன்றாகக் கியரைக் குறைத்துக்கொண்டு வந்து, முதல் கியரில் நில்லுங்கள். நீளமான சிக்னல் என்றால் நியூட்ரலுக்கு வாருங்கள். எண் ஓடும் சிக்னலில் ஐந்து நொடி இருக்கும்போது முதல் கியர். நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில்.

அப்படியும் ஆஃப் ஆகிவிட்டால் பட்டனைத் தேய்க்காதீர்கள். கிளட்சைப் பிடித்து, நியூட்ரல் விளக்கு எரிகிறதா பார்த்து, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் பத்துப் பதினைந்து நொடி விட்டு மறுபடி. ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். அவர் உங்கள் பேட்டரிக்குக் காசு தரப்போவதில்லை.

பிரேக்

ஸ்கூட்டியிலிருந்து பைக்குக்கு மாறுபவர்களிடம் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஸ்கூட்டியில் இடது லீவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். குறுக்கே ஒரு நாய் வந்தால் உங்கள் இடது கை பழக்கதோஷத்தில் இறுக்கிப் பிடிக்கும். வண்டி நிற்காது. கிளட்ச் விடுபட்டு இன்ஜினின் பிடியும் போய், வண்டி இன்னும் சுதந்திரமாக ஓடும். பயத்தில் மூளை யோசிக்காது, கைதான் முடிவு செய்யும். அதனால் அதே லேஅவுட் ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வலது கையும் வலது காலும் மட்டுமே பயன்படுத்தி வேகத்தைக் குறையுங்கள். நிற்கப்போகும் கடைசி நேரத்தில்தான் கிளட்ச். இது இயல்பாக வரும்வரை அவிநாசி ரோடு பக்கம் போக வேண்டாம் என்பேன்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் அப்பா மகனுக்குச் சொல்லும் முதல் தவறான பாடம் இது. வேகம் குறையும்போது எடையில் பெரும்பங்கு முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. சாலையை இறுக்கிப் பிடிப்பது அந்தச் சக்கரம்தான். பின்சக்கரம் எடை குறைந்து மிதப்பாக இருக்கும், அதை மட்டும் அழுத்தினால் வழுக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். முதலில் லேசாக, எடை முன்னால் வந்ததும் இறுக்கமாக. பின் பிரேக் துணைக்கு. தூக்கி அடிப்பதாகச் சொல்லப்படும் விபத்துகளில் பெரும்பாலும் ஹேண்டில் திரும்பியிருக்கும், அல்லது டயருக்கு அடியில் மணல் இருக்கும். திரும்பும்போது பிரேக் வேண்டாம், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். உங்கள் வண்டியிலும் இருக்கும். ஆனால் சிங்கிள் சேனலா என்று பாருங்கள். அப்படியானால் அது முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். ஆபத்தைப் பார்த்து கை லீவருக்குப் போக ஒரு நொடி ஆகும் என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளத்தைத் தாண்டியிருப்பீர்கள். இரண்டு விரலை முன் பிரேக் லீவர் மேல் வைத்தபடியே ஓட்டுவது நெரிசலில் நல்ல பழக்கம்.

மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம், வேகமாக யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்கள். லைசென்ஸுக்கு எட்டு போட்டிருப்பீர்கள், அநேகமாக ஸ்கூட்டியில். அதையே பைக்கில் போட்டுப் பாருங்கள். கிளட்சைப் பிடிக்கும் இடத்திலேயே வைத்து, பின் பிரேக்கை மெல்ல உரசவிட்டு, கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் போக வேண்டிய திசையில் வையுங்கள். கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். குழியையே பார்த்துக்கொண்டிருப்பவர் குழியில்தான் இறங்குவார். அப்புறம் டவுன் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கும்போது இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். மழையில் வெள்ளைக் கோடுகளும் பாதாளச் சாக்கடை மூடிகளும் சோப்பு போட்டதுபோல் வழுக்கும்.

இனி பேட்டரி

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் ஹாரனை அடித்துப் பாருங்கள். சத்தம் ஈனமாக வந்து, பட்டனை அழுத்தும்போது சீட்டுக்கு அடியில் டக்டக்டக் என்று கேட்டு, மீட்டர் டிஸ்ப்ளேவும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஹாரன் கணீரென்று அடித்தும் செல்ஃப் அசையவே இல்லை என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள். கியரில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறதா, யாராவது விளையாட்டாக, இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சைத் தட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் கியரில் இருந்தால் கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுக்காது.

அந்த கில் சுவிட்சால் இன்னொரு வினையும் உண்டு. அதில் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையிலேயே விட்டு ஆபீஸுக்குள் போய்விடுவது. சாயங்காலம் வந்து பார்த்தால் பேட்டரி காலி. எப்போதும் சாவியால் அணையுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு மல்ட்டிமீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் உடனே வெளியில் சார்ஜ் போட வேண்டும். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி அளந்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் கோளாறு மின்சாரம் உண்டாக்கும் காயிலிலோ, அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ஆர்ஆர் யூனிட்டிலோ அல்லது வயரிங்கிலோ இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாடு இழந்துவிட்டது, பேட்டரி வீங்கும். இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் பேட்டரியை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வெளியில் சார்ஜ் போடுவதாக இருந்தால் மெதுவாகப் போட வேண்டும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. அவசரத்துக்குக் கார் சார்ஜரில் மாட்டினால் உள்ளே கொதித்துப் போகும். சார்ஜ் முடிந்து ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மறுநாள் அளந்து பாருங்கள். 12.6 நின்றால் உங்கள் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்சைப் பழகுங்கள். சரிந்துவிட்டால், அப்போதுதான் புதிது.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். வண்டியின் சட்டம் முழுவதும் நெகட்டிவ் என்பதால், நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பேட்டரியை வெளியே எடுத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்து நன்றாகக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். சீல் வைத்த பேட்டரியில் மூடியை நெம்பித் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நடுவழியில் தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. உங்களுடையது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கவும் வாய்ப்புண்டு.

வாரம் ஒரு நாளாவது சத்தியமங்கலம் திசையில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டிவாருங்கள். பேட்டரிக்கும் நல்லது, உங்கள் கைக்கும் நல்லது. வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுவதால் பயனில்லை. ஊருக்குப் போனால், வண்டி பதினைந்து நாளுக்கு மேல் சும்மா நிற்கும் என்றால், நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். கூடுதல் விளக்கு, ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர் என்று எதையாவது பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்திருந்தால், அவற்றை சாவி வழியாக வரும் இணைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரி செத்துவிட்டது என்று உறுதியானால், காசு கொடுப்பதற்கு முன் வண்டி வாங்கியபோது தந்த காகிதங்களில் பேட்டரிக்கான வாரண்டி அட்டையைத் தேடுங்கள். மூன்று மாத வண்டிக்கு வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். கையேட்டில் உள்ள அதே ஆம்பியர்-மணி அளவில்தான் மாற்ற வேண்டும், மேலே பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்து வாங்குங்கள். வாரண்டியில் வராமல் காசு கொடுத்து வாங்க நேர்ந்தால், பழையதைக் கடையிலேயே கொடுத்து அதற்கான தொகையை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.