எஸ்சிடலோபிராம் மாத்திரையை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடலாமா?

மனச்சோர்வுக்காக எஸ்சிடலோபிராம் எடுக்கத் தொடங்கி ஐந்து நாள் ஆகியும் குணம் தெரியவில்லை, குமட்டலும் படபடப்பும்தான் கூடியிருக்கின்றன, நிறுத்திவிடலாமா, அல்லது வாழ்நாள் முழுக்க விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாத்திரையை நெடுநாள் எடுத்து, பிறகு மருத்துவர் சொன்னபடி குறைத்து நிறுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

ஐந்து நாளில் இந்த மருந்தை எடைபோட முடியாது. இதில் தொல்லை முதலில் வரும், பலன் பிந்தி வரும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள் மீண்டும் உறிஞ்சப்படுவதை மாத்திரை முதல் நாளிலிருந்தே தடுத்தாலும், மனநிலையில் மாற்றம் தெரியப் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உடலிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது என்பதால் வயிறு முந்திக்கொள்கிறது. காலையில் கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே எனக்கு ஓங்கரிக்கும். அம்மா அதைப் பித்தம் என்று முடிவுகட்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி மருத்துவர் மாற்றிச் சொன்ன பின் அது மெல்ல அடங்கியது. நான் எதிர்பாராதது கொட்டாவி. நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் பேசப் பேச வாய் பிளந்துகொண்டே இருந்தது. அதுவும் இந்த மருந்தின் பட்டியலில் உள்ள பக்க விளைவுதான் என்று பின்னர் அறிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் படபடப்பு கூடுவதும் தெரிந்த விஷயமே. அதனால்தான் பலருக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்கு ஏற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான உச்ச அளவு 20. உங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே 10 என்று எழுதியிருந்தால், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றில் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம். உட்கார முடியாத தவிப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தலைகாட்டினால் அன்றைக்கே மருத்துவரை அணுகுங்கள். மருத்துவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் தொடக்க வாரங்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மருந்துடன் வரும் எச்சரிக்கையே சொல்கிறது.

பலன் எப்படித் தெரியும் என்றால், மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைப்பவன், ஒருநாள் எடுத்துப் பேசி, கடன் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பேசி முடித்த பிறகுதான் அது புதிதென்று உறைத்தது. எல்லோருக்கும் முதல் மருந்தே பொருந்துவதில்லை. இதன் தாய் மருந்தான சிடலோபிராமை முதல் படியாக வைத்து அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்னும் பெரிய ஆய்வில், அந்தப் படியிலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். ஆறு வாரம் சரியான அளவில் எடுத்தும் அசைவில்லை என்றால் வேறு மருந்து கேட்பதில் தவறே இல்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலுறவில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது ஆகியவை குமட்டலைப் போலத் தாமாக விலகுவதில்லை. மருந்து உள்ளவரை நீடிக்கலாம். கணவன் மனைவிக்குள் வீண் சந்தேகம் வளர்வதைவிட, மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்வது மேல்.

அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் பெரும்பாலும் இரண்டு மாத்திரைகளைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. முதல் சில வாரங்களுக்குப் படபடப்பைத் தணிக்க உடன் எழுதித்தரும் குளோனாசெபம்தான் பழக்கமாகக்கூடியது. நம் ஊரில் இரண்டும் கலந்த ஒரே மாத்திரையும் விற்கிறது. உங்கள் அட்டையின் பின்புறத்தில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குளோனாசெபம் இருந்தால், எத்தனை வாரம் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். அதையும் நீங்களாகத் திடீரென்று விடக்கூடாது.

வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும் என்பது பொதுவிதி அல்ல. முதல்முறை வந்த மனச்சோர்வென்றால், தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 30 மணி நேரத்தில் உடலிலுள்ள மருந்து பாதியாகிவிடுவதால், சட்டென விட்டவர்களுக்குச் சில நாட்களுக்குள் தலைசுற்றலும், தலையைத் திருப்பும்போது மண்டைக்குள் சுளீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அதைப் பழைய நோய் திரும்பிவிட்டதாகப் பலர் எண்ணிக் கலங்குகிறார்கள். நோய் திரும்பினால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும், மின்சாரம் பாயும் அந்த உணர்வும் இராது. நிறுத்திய சில நாட்களிலேயே தொடங்குவது பெரும்பாலும் மருந்து விலகும் தொல்லை. அந்தக் கட்டத்தில் முந்தைய அளவுக்குத் திரும்பி, இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.