அம்மம்மாவின் கூறைக்கு எந்த ஸ்டீமர்?

கேள்வி: அக்கா, தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அம்மம்மாவின் கூறைச் சாறியைத்தான் உடுப்பேன் என்று நிற்கிறாள். 78ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி எடுத்த காஞ்சிபுரம். அதோடு அம்மாவின் ஜோர்ஜெட் சாறி ஒன்றும் வெல்வெட் சட்டை ஒன்றும் இருக்கின்றன. எல்லாம் மடித்த மடிப்பிலேயே அலுமாரிக்குள் கிடந்தவை. அயன் வைக்கப் பயமாக இருக்கிறது. ஆவியால் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமர் வாங்கலாம் என்றால், கையில் பிடிக்கிறது நல்லதா, தரையில் நிற்கிறது நல்லதா? கடையில் கேட்டால் "வாட்ஸ் கூடினதை எடுங்க" என்கிறார்கள். (கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, கடைக்குப் போக முதல் சாறியை ஜன்னலடியில், வெயில் நேரே படாத இடத்தில் விரியுங்கள். இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில் எடுத்த காஞ்சிபுரம் அது. அப்போது இங்கே ஒன்று கிடைப்பதே பெரிய பாடு. மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோடு நெடுக ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் பட்டு இழை முறிந்துவிட்டது. முறிந்த இழையை எந்த ஸ்டீமரும் ஒட்டாது. தொங்கவிட்டால் சரிகைக் கரையின் பாரமே அந்தக் கோட்டில் கிழித்துவிடும். அப்படியானால் ஸ்டீமர் யோசனையை விட்டுவிட்டு, பழைய பட்டு தைத்துப் பழகிய ஒருவரிடம் பின்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைக்கக் கொடுங்கள்.

கோடு முழுசாக இருக்கிறதா? சரி, அடுத்தது சாயம். உடுக்கும்போது உள்ளே செருகுகிற முனையில், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு நிமிஷம் அழுத்தி வையுங்கள். துணியில் சிவப்பு ஏறினால் நீராவியிலும் சாயம் கசியும். கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தனமோ வேர்வையோ பட்ட இடத்தில் சூடு பட்டால் கறை இன்னும் இறுகிப் பிடிக்கும். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தால் இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். அந்த வாசனையோடு ஆவி பிடித்தால் அறைக்குள் நிற்க முடியாது.

இனி உங்கள் கேள்வி. உங்களிடம் இருக்கிற மூன்றுக்கும் நிற்கிற ஸ்டீமர்தான். கையில் பிடிக்கிறது வேண்டாம்.

கணக்கு இதுதான். கையில் பிடிக்கிற ஸ்டீமரில் 200 மில்லிலீற்றர் அளவுக்குத்தான் தண்ணீர் பிடிக்கும். நிமிஷத்துக்கு 20 கிராம் ஆவி விட்டால் 10 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஐந்தரை மீற்றர்ச் சாறிக்கு 10 நிமிஷம் எந்த மூலைக்கு? நடுவில் நிறுத்தி, தண்ணீர் விட்டு, திரும்பச் சூடேற்ற வேண்டும். திரும்பச் சூடேறுகிற அந்த நேரத்தில்தான் அது துப்பும். என் சின்னம்மாவின் பட்டுச் சாறியில் நானே பட்டேன். கீழ்க் கரைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஸ்டீமரைக் கொஞ்சம் சரித்தேன். புஸ் என்று மூன்று துளி முந்தானையில் விழுந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் நடு வெளுத்து ஓரம் கருத்த மூன்று வட்டங்கள், தேத்தண்ணிக் கோப்பை வைத்து எடுத்த அடையாளம் மாதிரி. அவை இன்றுவரை போகவில்லை. போதாததற்கு, கையில் பிடிக்கிற பலவற்றுக்கு முகத்தில் சூடாகிற உலோகத் தட்டு இருக்கும். அது துணியில் பட்டால் அயன் வைத்தது போலத்தான்.

நிற்கிற வகையில் ஒன்றரை, இரண்டு லீற்றர் தொட்டி தரையில் இருக்கும்; ஆவி மட்டும் குழாய் வழியாக மேலே வரும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. குழாய் தொய்ந்து கிடந்தால் உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராகிக் களகளவென்று சத்தம் போடும். சத்தம் கேட்டவுடன் ஆவி வருகிற முனையை உயர்த்திப் பிடித்தால் அந்தத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பிவிடும். எப்போது தொடங்கினாலும் முதல் ஒரு நிமிஷத்து ஆவியைப் பழைய துவாயில்தான் விட வேண்டும்.

வாட்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். அது கனத்த திரைச்சீலைக்கு நல்லது. உங்களுக்கு வேண்டியது ஆவியைக் கூட்டிக் குறைக்கிற திருகி. அது இல்லாத ஸ்டீமரை இலவசமாகக் கொடுத்தாலும் பழைய பட்டுக்கு வாங்காதீர்கள். 1500 வாட்ஸ் தாராளம். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். எனவே பழைய வீடுகளில் இருக்கிற சின்ன உருண்டை முள் 5 ஆம்பியர் பிளக்கிலோ, ரிவியும் ஃபேனும் கொழுவியிருக்கிற மல்டி பிளக்கிலோ போட வேண்டாம். சதுர முள் 13 ஆம்பியர் பிளக்கில் நேரே போடுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்படத் தேவையில்லை, 20 நிமிஷத்துக்கு அரை யூனிட்தான்.

கூறையைப் பிடிக்கும்போது அரைச் சாண் தள்ளி, பின்பக்கத்தில், குறைந்த ஆவியில் பிடியுங்கள். சாறியின் உடல் பகுதிக்கு மட்டும். சரிகைக் கரைக்கு வேண்டாம். அந்தக் காலத்து அசல் சரிகை, பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பியும் அதன் மேல் தங்கப் பூச்சும். பூச்சு தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுக்கும். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஊர். உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்தால் கறுப்பு இன்னும் கெதியாக ஏறும். கரையில் சுருக்கம் இருந்தால் வெள்ளைத் துணியால் மூடி, தடித்த அட்டைக் குழாயில் சுற்றி ஒரு கிழமை வையுங்கள்.

ஜோர்ஜெட் 77க்குப் பிறகு, இறக்குமதி திறந்துவிட்ட காலத்தில் எடுத்ததென்றால் பெரும்பாலும் பொலியஸ்டராக இருக்கும். அதற்கு ஆவி நல்லாக வேலை செய்யும், ஆனால் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அசல் பட்டு ஜோர்ஜெட் என்றால் கவனம், ஈரம் பட்டால் சுருங்கும். வெல்வெட் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி ஆவி காட்டி, ஈரம் போனபின் மென்மையான பிரஷால் மயிரை நிமிர்த்திவிட்டால் போதும். அயன் பட்ட வெல்வெட் பளபளத்துத் தட்டையாகிவிடும்.

ஆவி பிடித்த கையோடு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். தை மாதத்தில் மாரி இன்னும் விட்டிருக்காது. இரண்டு மணித்தியாலம் ஃபேன் காற்றில் விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஈரக் காற்றால் ஒரு நன்மையும் உண்டு. மழை நாளில் ஓர் இரவு அறைக்குள் விரித்துப் போட்டாலே பட்டின் சுருக்கம் பாதி போய்விடும். காய்ந்த கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இது நடக்காது.

இந்த மூன்று உடுப்புக்காக மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். மணப்பெண்ணுக்குச் சாறி கட்டிவிடப் பேசியிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலரிடம் நிற்கிற ஸ்டீமர் இருக்கும்.

கேள்வி: கனடாவிலிருந்து தங்கை கொண்டுவந்து தந்த ஸ்டீமர் இருக்கிறது. பிளக்கை மாற்றிப் போட்டுப் பாவிக்கலாமா? (கல்முனை)

பதில்: அடியில் ஒட்டியிருக்கிற எழுத்தைப் பாருங்கள் தம்பி. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் பிளக்கை மாற்றிப் பயனில்லை. வோல்ட் கிட்டத்தட்ட இரட்டித்தால் சூடு நாலு மடங்குக்குக் கிட்டப் போகும். போட்ட கொஞ்ச நேரத்திலேயே எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கிற பெட்டி வாங்கலாம்தான், ஆனால் ஆயிரம் வாட்ஸுக்கு மேல் தாங்குகிற பெட்டியைத் தூக்கவே ஓர் ஆள் வேண்டும், விலையும் புது ஸ்டீமரைத் தாண்டும். 220 – 240 என்றோ 100 – 240 என்றோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள். சில பயண ஸ்டீமர்களில் வோல்ட் மாற்றுகிற சின்னச் சுவிட்ச் இருக்கும், அதை 230 பக்கம் தள்ள மறக்க வேண்டாம். லண்டனில் வாங்கியது என்றால் யோசனையே இல்லை, வோல்ட்டும் ஒன்று, சதுர முள்ளும் ஒன்று.

கேள்வி: வாங்கி இரண்டாம் கிழமையே ஸ்டீமர் ஒழுகுகிறது. "கிணற்றுத் தண்ணி விட்டதால் வந்த பழுது, விற்ற பொருள் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். (ஆரையம்பதி)

பதில்: தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளை படிந்திருந்தால் அதே படிவு ஸ்டீமருக்குள்ளும் வரும், பிறகு வெள்ளைத் தூளாக உடுப்பில் கொட்டும். கையேட்டில் வேண்டாம் என்று போட்டிருந்தால் தவிர, காய்ச்சி வடித்த தண்ணீர் பாவியுங்கள். பற்றரிக்கு விடுகிற தண்ணீர் அதுதான். ஆனால் சில இடங்களில் பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் பக்கத்திலேயே இருக்கும். எழுத்தை வாசிக்காமல் எடுக்காதீர்கள்.

அதற்காக, இரண்டு கிழமையில் படிவு பிடித்து ஒழுகியது என்றால் நான் நம்ப மாட்டேன். பில்லில் "திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்துவிட்டால் பழுதான பொருளுக்குக் கடை பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், எனவே "அடுத்த கிழமை வாங்க" என்று கடைக்காரர் இழுத்தடிக்க விடாதீர்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். அதற்கு முதல் ஒருமுறை தண்ணீர் விட்டு, ஒழுகுவதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். தொட்டியை வடித்துவிட்டு, பெட்டி, வாரண்டி அட்டை, பில் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.