லினோ அச்சில் (லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் அச்சு) நிறம் சேர்க்கச் சேர்க்கச் சேறாகிறது. விளையாட்டாக, பளிச்சென்று அச்சிட என்ன வழி?

ஒரே லினோத் துண்டைச் செதுக்கி அச்சிட்டு, மறுபடி செதுக்கி அச்சிடும் முறையில்தான் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தப்பு உங்கள் நிறத் தேர்வில் இல்லை, முறையிலேயே இருக்கிறது. அதில் இரண்டாம் நிறம் முழுக்க முதல் நிறத்தின் மேல் விழும், மூன்றாவது அந்த இரண்டின் மேலும் விழும். மஞ்சள், மெஜந்தா, நீலம் என்று ஓட்டினால் கிடைப்பது காகித வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சுச் சிவப்பு, கடைசியில் ஒரு மங்கல் கறுப்பு. அவ்வளவுதான். பச்சையும் ஊதாவும் வரவே வராது.

அதே மூன்று மைகளைத் தனித்தனியாகவும் விழவிட்டு, இரண்டிரண்டாகவும் சேரவிட்டால் வெள்ளையோடு எட்டு நிறம் கிடைக்கும். அதற்கு மூன்று துண்டு செதுக்கலாம். எளிய வழி காகித மறைப்பு. மை தடவிய லினோவின் மேல், நிறம் வேண்டாத இடத்தில் வெட்டிய காகிதத்தை வைத்து அச்சிடுங்கள். மை ஒட்டியிருப்பதால் அது நகராது. டிரேசிங் பேப்பர் அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். தடித்தால் விளிம்பைச் சுற்றி அச்சுக் காகிதம் லினோவைத் தொடாமல் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு சில படங்களுக்கு அழகுதான், ஆனால் தெரிந்து செய்யுங்கள். மறைப்பை ஒவ்வொரு பிரதிக்கும் நகர்த்தலாம், திருப்பிப் போடலாம், பாதி கிழிக்கலாம். நீங்கள் கேட்ட விளையாட்டு நடக்கிற இடம் இதுதான்.

மை ஒளி ஊடுருவ வேண்டும். மையை ஒளி ஊடுருவும்படி நீர்க்கவைக்கும் நிறமற்ற எக்ஸ்டெண்டர் 3 பங்கு, நிற மை 1 பங்கு என்று தொடங்கி, துண்டுக் காகிதத்தில் தட்டிப் பார்த்து மாற்றுங்கள். கேட்மியம் மஞ்சள் கீழே இருப்பதை மூடிவிடும், டயரிலைடு மஞ்சள் எடுங்கள். எந்த மஞ்சளானாலும் முதலில் ஓட்டுவது பத்திரம். எக்ஸ்டெண்டரால் மை இளகி நுண்கோடுகளில் இறங்கினால் ஒரு சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட் பொடி கலந்தால் இறுகும்.

மையின் அளவைக் காதால் பாருங்கள். ரோலர் உருளும்போது பட்டு உரசுகிற மெல்லிய சீறல் கேட்டால் சரி. சளசளவென்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தால் மை கூடிவிட்டது, அச்சில் ஆரஞ்சுத்தோல் போலப் புள்ளி விழும். அந்தக் கனத்த படலம் பளபளப்பாக உலர்ந்துவிட்டால் அடுத்த மை பிடிக்காமல் திட்டுத்திட்டாகும். எண்ணெய் மைக்கு அடுக்குக்கு அடுக்கு இரண்டு முதல் நான்கு நாள் விடுங்கள். அவசரப்பட்டால் மேல் மை கீழ் மையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

நிறங்கள் விலகி விழுந்தால் முதலில் காகிதத்தைச் சந்தேகப்படுங்கள். நனைத்த காகிதம் விரியும், உலர்ந்தால் சுருங்கும். பல நிற வேலைக்கு உலர்ந்த காகிதமே நல்லது. அட்டையில் லினோவுக்கு ஒரு எல் வடிவச் சட்டம் ஒட்டி, காகிதத்தின் மூலைக்கு ஒன்று, கீழ் விளிம்புக்கு ஒன்று என்று இரண்டு தடுப்பு வைத்தால் போதும். பத்துப் பிரதி வேண்டுமென்றால் பதினான்கு காகிதத்தில் ஆரம்பியுங்கள், நாலு நிச்சயம் கெடும். லினோவையும் ரோலரையும் துடைக்கச் சமையல் எண்ணெய், பிறகு சோப்பு.

"துண்டைச் செதுக்கிக் குறைப்பதுதான் உண்மையான லினோ, காகிதம் ஒட்டுவது பிள்ளை விளையாட்டு" என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் வந்து சொல்வார்கள். அந்த முறையை நான் குறை சொல்லவில்லை. பிக்காசோ 1950-களின் கடைசியில் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் அதில் அருமையாகச் செய்திருக்கிறார். ஆனால் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு இறங்கும் படங்களுக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் கேட்டது வேறு.

மறைப்பை நகர்த்தினால் பிரதிக்குப் பிரதி மாறும். அதனால் 3/10 (பத்தில் மூன்றாம் பிரதி) என்று மட்டும் பென்சிலில் எழுதாமல் முன்னால் ஈ.வி. என்று சேருங்கள், மாறும் பதிப்பு என்று வாங்குபவருக்குத் தெரியட்டும். இதைச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது: ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து இங்க்ஜெட்டில் ஓட்டிவிட்டு, அதிலும் 3/10 என்று போட்டு "ஒரிஜினல் பிரிண்ட்" என்று விற்கிறார்கள். அது நகல். நல்ல நகலாக இருக்கலாம், விற்கவும் செய்யலாம், நகல் என்று எழுதி விற்பதில் என்ன கஷ்டம்?