வாசகர் கேள்வி: மலைக்கு எது பெயர்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரியும் மலையை என் அம்மா எப்போதும் 'முருகன் மலை' என்றுதான் சொல்வார். என் மகனோ, "கோர் த கார்த் என்பதுதான் சரி, பாட்டி சொல்வது தப்பு" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, காத்ர் போர்ன், மொரீஷியஸ்

என் வீடு ரோஸ் ஹில்லில். அதே மலைதான் எனக்கும் காலையில் முதலில் தெரிகிறது.

முதலில் அவன் சொல்லும் பெயரைப் பார்ப்போம். அதைத் தினமும் சொல்கிறோம், அர்த்தத்தை யாரும் நினைப்பதில்லை. காவல் சாவடி என்று பொருள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகளைத் தடுக்க அங்கே படை வைத்திருந்தார்கள். தென்மேற்கே லெ மோர்ன் மலை அப்படி ஓடியவர்களுக்கு ஒளியும் இடமாக இருந்தது. 1835இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த சிப்பாய்களைக் கண்டு, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். அந்த மக்கள் பட்ட பாடு நம் மலையின் பெயரிலும் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

சரி, உங்கள் அம்மா சொன்னது? அதுவும் தப்பில்லை. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர். கப்பலேறும்போது பழனி மலையைக் கூடவே கொண்டுவர முடியாது. கண்ணெதிரே நின்ற மலையில் வேலவனை வைத்துக் கும்பிட்டார்கள்.

எனக்குப் பதினோரு வயதில் அம்மா அங்கே காவடி எடுத்தார். பத்து நாள் விரதம். நான் பால் செம்போடு பின்னால் நடந்தேன். தைப்பூசம் நமக்குக் கோடையில் அல்லவா வருகிறது, தார் ரோடு காலைச் சுட்டது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பால் திரிந்துவிடக் கூடாதே என்பது. வழியில் ஒரு கிரியோல் அம்மா தன் வீட்டு வாசலில் நின்று, நாங்கள் கால் வைக்கும் இடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அவருடைய முன்னோரைப் பிடிக்கத்தானே ஒருகாலத்தில் அந்த மலையில் காவல் இருந்தது! அன்று எனக்கு அது தெரியாது. இப்போது மலையைப் பார்த்தால் முருகனோடு அந்த வாளியும் ஞாபகம் வருகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் பூசாரி செம்பைச் சாய்த்தார். பால் திரியவில்லை. அம்மா அழுதுவிட்டார்.

மகன் பரீட்சையில் கோர் த கார்த் என்றே எழுதட்டும். அடுத்த பூசத்துக்கு அவனைக் காரில் கூட்டிப் போகாதீர்கள், நடத்திக் கூட்டிப் போங்கள்.

பிளேன் மாஞான் பக்கம் கரும்புக் காட்டுக்குள் படிப்படியாக அடுக்கிய கருங்கல் மேடுகள் இருக்கின்றன. பண்டைத் தமிழர் கட்டிய பிரமிடு என்று ஒருவர் எனக்கு வீடியோ அனுப்பினார். உண்மையா?
– வாசகர், மஹேபூர்

இல்லை ஐயா. இது எரிமலைத் தீவு. நிலத்தைக் கொத்தினால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் வரும். கரும்பு நட வேண்டுமானால் கல்லைப் பொறுக்க வேண்டும், நடும் நிலம் வீணாகாமல் அதை உயரமாக அடுக்க வேண்டும். என் தாத்தா ஃபிளாக் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த வேலை செய்தவர். அவர் உள்ளங்கையைத் தொட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும். யாரோ பண்டைய ராஜா கட்டினார் என்று சொல்லும்போது, அந்தக் கையை மறந்துவிடுகிறோமே என்று எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். அதே காட்டோரத்தில், அதே கருங்கல்லில் ஏழு கல்லை எடுத்து மரத்தடியில் வரிசையாக வைத்துக் குங்குமம் இட்டிருப்பார்கள். பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது காளிமாய். என் தாத்தாவுக்கு ஏழு கன்னிமார். இரு வீட்டாரும் அங்கேதான் விளக்கேற்றினார்கள்.

நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. எனக்கோ வாசிக்கத் தெரியாது. அது இருந்து என்ன பயன்?
– வாசகி, போர்ட் லூயிஸ்

1998இல் வந்த புது நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து இரண்டாவதாக இருந்த தமிழை இந்திக்குக் கீழே மூன்றாவதாக இறக்கிவிட்டார்கள். நம் மக்கள் கொதித்துப் போனார்கள். அவர்களிலும் பலருக்கு உங்களைப் போலவே வாசிக்கத் தெரியாது. ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834இல். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, லா பூர்தொனே ஆளுநராக இருந்தபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்து இங்கே கட்டட வேலை செய்தார்கள். இரண்டாம் இடம் என்பது அந்த வரலாறு. நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள்.

நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், நம் தலைவர்களில் ஒருவர். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை உங்கள் பக்கத்துக் கோவில் தமிழ் வகுப்புக்குப் போங்கள். எங்கள் வகுப்பில் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். போன மாதம் எழுபது வயது அம்மா ஒருவர் வந்து, பேரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து 'அ' எழுதினார்.