'திருவொற்றியூர்' ஃபைல் மட்டும் ஏன் இரண்டாகத் தெரிகிறது?

வண்ணாரப்பேட்டை டிடிபி கடையில் ஏரியாவாரியாக நோட்டீஸ் ஃபைல்கள். டிசைனர் மேக்கில் ஜிப் போட்டு அனுப்புகிறார். லினக்ஸில் பிரித்தால் ராயபுரமும் தண்டையார்பேட்டையும் பழைய ஃபைலின் மேலேயே ஒழுங்காக விழுகின்றன. திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் மட்டும் ஒரே பெயரில் இரண்டிரண்டு. இதுதானே கேள்வி?

மாட்டுகிற மூன்றிலும் 'ொ' இருக்கிறது, பாருங்கள். யூனிகோடில் 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். முதலாவது என்எஃப்சி, இரண்டாவது என்எஃப்டி. ஓ-கார, ஔ-கார உயிர்மெய்களும் தனி 'ஔ'வும் இதே கதைதான். 'ை' பிரியாது, அதனால்தான் தண்டையார்பேட்டை தப்பித்தது. மேக்கில் இருந்து பெயர்கள் பெரும்பாலும் பிரிந்த வடிவில் வரும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. 'திருவொற்றியூர்' சேர்ந்த வடிவில் 42 பைட், பிரிந்தால் 45. கண்ணுக்கு ஒன்று, லினக்ஸின் மையமான கர்னலுக்கு இரண்டு. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸும் இவற்றைத் தனித்தனியாகவே வைக்கும்.

லினக்ஸில் ஃபைல் பெயர்களை மாற்றும் 'கன்வ்எம்வி' என்ற கருவியை நிறுவி, மூலம், இலக்கு இரண்டுக்கும் யூடிஎஃப்-8 என்கோடிங் கொடுத்து, என்எஃப்சி ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள். முதலில் என்ன மாறும் என்று காட்டும், எதையும் தொடாது. 'நோடெஸ்ட்' ஆப்ஷன் கொடுத்தால்தான் மாற்றும். ஏற்கெனவே ஜோடியாகக் கிடப்பவற்றில் எது புதியது என்று தேதி பார்த்து, பழையதை முதலில் நகர்த்திவிடுங்கள். அந்த ஜோடியை அப்படியே மேக்குக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்: அங்கே மேக்கின் ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும், ஒன்றின் மேல் மற்றது விழுந்து காணாமல் போகலாம். விண்டோஸில் என்றால் அதன் கட்டளைச் சாளரமான பவர்ஷெல். பெயருக்கு 'நார்மலைஸ்' (ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) போட்டு ரீநேம் செய்தால் போதும், அதன் இயல்புநிலையே என்எஃப்சிதான்.

இவ்வளவு செய்தும் ஒரு ஜோடி மிஞ்சினால், வெப்பக்கத்திலிருந்து காப்பி செய்த பெயரில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளி ஒட்டியிருக்கலாம். பெயரை டைப் செய்து பிடிக்க முடியாது. லினக்ஸ் ஃபைலுக்குத் தரும் அடையாள எண்ணான ஐநோடு எண்ணை வைத்து 'ஃபைண்ட்' கட்டளை மூலம் பிடியுங்கள். இன்னொன்று, 'ஔ'வை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியது. அது எழுத்துப்பிழை, எந்த நார்மலைசேஷனும் திருத்தாது, கையால்தான் மாற்ற வேண்டும்.

பெயரை நீட்டி முழக்காதீர்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல் வரம்பு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. ஆக 85 குறிதான்.