மீன்காட்சியகத்தை மூடுகிறோம், மீன்களை எங்கே விடுவது? – பதில்

நாகூர் கடற்கரையில் மாமா நடத்திய மீன்காட்சியகத்தை மூடுகிறீர்கள், மிச்ச மீன்களைக் கடலிலோ வெட்டாற்றிலோ விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. நீங்கள் சொன்ன மீன்கள் எல்லாமே நன்னீர் மீன்கள், கடலில் விட்டால் பெரும்பாலும் செத்துவிடும். ஆற்றில் விட்டால் அதைவிட வம்பு. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே அந்த சக்கர் மீன், அது கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், அதன் முள் வலையைக் கிழிக்கும், வாய்க்காலில் பெருகிவிட்டால் வலை போடுகிறவர்கள் யாரைத் திட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். வண்ணமீன் கடைகளில் கேளுங்கள், தொட்டி மோட்டாரோடு சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், நட்சத்திர ஆமை இரண்டு இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதுதான் பெரிய சிக்கல். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதை விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. வேறு யாரும் சொல்வதற்குள் நீங்களே வனத்துறை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள்.